சைலன்சர் போல்ட்: ஒன்று தானாகக் கழல்கிறது, இன்னொன்று அசையவே மாட்டேன் என்கிறது

உப்பளச்சாலை, தூத்துக்குடி

வணக்கம். 11 வருடம் ஓடிய பெட்ரோல் கார். வீடு உப்பளத்துக்குப் பக்கம். தினமும் வேலைக்கு 6 கிலோமீட்டர் போய் 6 கிலோமீட்டர் வருகிறேன், அவ்வளவுதான் ஓட்டம்.

எஞ்சினுக்குக் கீழே சைலன்சரின் முன்குழாய் வந்து சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கின்றன. அந்த இணைப்பு ஆறு மாதத்தில் இரண்டு தடவை கழன்றுவிட்டது. முதல் தடவை சத்தம் கேட்டு ஒரு பட்டறையில் விட்டேன். புது போல்ட் போட்டு, "லாக் நட் போட்டிருக்கிறோம், இனி கழலாது" என்று கொடுத்தார்கள். மூன்று மாதம்தான் தாங்கியது. போன ஞாயிறு குனிந்து பார்த்தால் ஒரு நட்டைக் காணோம். இன்னொன்றை விரலாலேயே சுற்ற முடிந்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த நைலான் வளையம் கருகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது.

அதே வண்டியில் மேலே மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பில், கதை தலைகீழ். வெப்பத் தகட்டைப் பிடிக்கும் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தேன், தலை மழுங்கியதுதான் மிச்சம், போல்ட் அசையவில்லை. இடது ஓரத்தில் இருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஏற்கெனவே ஒடிந்திருக்கிறது. நட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் புகைக்கறை. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் டிக் என்று சத்தம், பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

ஒரே வண்டி, ஒரே புகைக்குழாய். ஒரு பக்கம் கழல்கிறது, இன்னொரு பக்கம் கழலவே மாட்டேன் என்கிறது. இப்போது ஒட்டுப்போட எனக்கு விருப்பமில்லை. மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

லேத்துமேடை, கோயம்புத்தூர்

தம்பி, நைலான் நட் போட்டது தப்பு. அந்த வளையம் 120 டிகிரி வரைதான் தாங்கும். முன்குழாய் இணைப்பு நல்ல ஓட்டத்தில் சாதாரணமாகவே 300 டிகிரியைத் தாண்டும். ஒரு வாரத்திலேயே வளையம் செத்திருக்கும், அப்புறம் அது வெறும் நட்தான். திரெட்லாக்கர் பசை ஊற்றலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதுவும் வேண்டாம். சிவப்பு வகையைக் கழற்றுவதற்கே 250 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறார்கள். புகைக்குழாய் அந்தச் சூட்டைத் தினமும் தானாகவே கொடுத்துவிடும்.

ஆனால் நட்டை மட்டும் மாற்றினால் மறுபடி கழலும். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு போல்ட்டிலும் ஸ்பிரிங் இருக்கிறதா? சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் முழுசாக இருக்கின்றனவா? எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் எப்படி இருக்கிறது? வண்டி ஆறியபிறகு கீழே போங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

உப்பளச்சாலை, தூத்துக்குடி

பார்த்துவிட்டேன் அண்ணே. ஸ்பிரிங் இல்லை, சாதாரண போல்ட்தான். ஆனால் குழாயின் வாய் தட்டையாக இல்லை, கிண்ணம் மாதிரி வளைந்திருக்கிறது. நடுவே சாம்பல் நிறத்தில் வடை மாதிரி ஒரு வளையம், ஓரம் உதிர்ந்துபோய் இருக்கிறது.

நடு ரப்பர் ஒன்று பாதி கிழிந்து நூலில் தொங்குகிறது. குழாயைக் கையால் ஆட்டினால் இரண்டு விரல் அகலம் ஆடுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து நண்பரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எஞ்சின் ஒருதரம் முன்னும் பின்னும் குதிக்கிறது. ரேடியேட்டர் பக்கத்து மவுண்டில் ரப்பர் பிளந்திருக்கிறது.

லேத்துமேடை, கோயம்புத்தூர்

அப்படியானால் உங்கள் கழலும் பிரச்சினை முழுவதும் இங்கேயே இருக்கிறது.

கிண்ணம் போல் வளைந்த வாயும் வடை வளையமும் இருந்தால், அது அசைவதற்கென்றே செய்த இணைப்பு. குறுக்காக வைத்த எஞ்சின், கியர் போடும்போதும் விடும்போதும் உருளும். குழாயோ காரின் அடியில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு வேண்டும். அதற்காகத்தான் தோள் வைத்த போல்ட்டும் ஸ்பிரிங்கும். தோள் வரை முறுக்கி நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் வளையத்தை அழுத்துவது ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் உருளும்போது வாய் அந்த வளையத்தின் மேல் வழுக்கிக்கொடுக்கும், புகையும் கசியாது.

உங்கள் வண்டியில் யாரோ ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டுச் சாதாரண போல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இப்போது மூட்டு அசைய முடியாமல் அந்த உதைப்பெல்லாம் போல்ட்டுக்குப் போகிறது. வளையம் தேயத் தேயப் பிடிமானம் போகும், நட் கழலும். நட் கழலாத வண்டியில் குழாய் வெல்டிங்கில் பிளக்கும். இரண்டும் என் பட்டறைக்கு வருகின்றன.

கம்பெனி ஸ்பிரிங் போல்ட் இரண்டு, புது வளையம், எல்லா ரப்பரும், அந்த மவுண்ட். இதுதான் மருந்து. பழைய ஸ்பிரிங் எங்காவது கிடைத்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள், சூட்டில் பதம் போயிருக்கும். புதிதுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், பழையது குட்டையாக இருக்கும்.

நெடுஞ்சாலை, நாமக்கல்

22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். ஸ்பிரிங் வாஷர் போட்டு, மேலே டபுள் நட் போட்டு, நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினால் எதுவும் கழலாது. இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கணக்குப்பலகை, திருச்சி

நெடுஞ்சாலை அண்ணனோடு பாதி ஒத்துப்போகிறேன், பாதி இல்லை. நான் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் பொருத்துநர் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் செலவிடுவதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டபுள் நட் வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான இடங்களில் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒல்லி நட் அடியில், தடி நட் மேலே. அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை அதன்மேல் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷரை நான் நம்புவதில்லை. போல்ட் இறுகியதும் அது தட்டையாகிவிடும், அதற்குமேல் அது வெறும் வாஷர். சூடு பட்டால் அந்த ஸ்பிரிங் குணமும் போய்விடும். 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் வரும் இழுப்பைவிட, பக்கவாட்டில் வரும் வழுக்கல்தான் நட்டைச் சுழற்றிக் கழற்றுகிறது. உப்பளச்சாலையின் குழாய் இரண்டு விரல் அகலம் ஆடுகிறதே, அதுதான் இது.

போல்ட்டை இறுக்குவது என்றால் உண்மையில் அதை இழுத்து நீட்டுவது. நட் சுழலச் சுழல போல்ட் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு நீள்கிறது, ரப்பர் பேண்டு மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் ஆசைதான் இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த நீட்சி போனால் பிடியும் போயிற்று. நட் சுழலவே வேண்டாம். இரண்டு முகத்துக்கும் நடுவே கசியாமல் வைக்கும் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கினாலும், பெயிண்டோ துருவோ நசுங்கினாலும், சூட்டில் உலோகம் தளர்ந்தாலும் நீட்சி குறையும். புது கேஸ்கெட் போட்டுச் சில நாள் ஓடியபிறகு, வண்டி ஆறியிருக்கும்போது மறுபடி ஒருதரம் டார்க் (முறுக்கும் விசையின் அளவு) பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் துருப்பிடிக்காது என்று ஆசைப்படுவோம். கணக்கு போட்டுப் பாருங்கள். சாதாரண எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். நாம் கடையில் வாங்கும் ஸ்டெயின்லெஸ் 17 மைக்ரான். பிடிக்கும் நீளம் 30 மில்லிமீட்டர், சூடு 400 டிகிரி ஏறுகிறது என்றால், போல்ட் தகட்டைவிட 0.06 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். நன்றாக இறுக்கிய 8.8 கிரேடு (வலுவைக் காட்டும் எண்) போல்ட்டே அந்த 30 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். அதாவது நாம் கொடுத்த இறுக்கம் முழுவதையும் சூடே தின்றுவிடும். நிஜத்தில் போல்ட் தகட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பதால் இவ்வளவு மோசமாகாது, ஆனால் திசை இதுதான்.

நீளக் குழாய் மாட்டி முறுக்குவது இன்னும் ஆபத்து. எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் டார்க் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மரையில் அது சுமார் 1,600 கிலோ இழுவிசை தரும். அதே மரையில் காப்பர் ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தடவி அதே 25 கொடுத்தால் ஏறக்குறைய 2,450 கிலோ. 8.8 கிரேடு எம்8 நிரந்தரமாக நீளாமல் தாங்கும் அளவே 2,150 கிலோ பக்கம்தான். முறுக்கியவருக்கு நன்றாக இறுகியதாகத் தோன்றும். போல்ட் அங்கேயே இழுபட்டு மெலிந்து, அடுத்த தடவை கழற்றும்போது கையோடு வரும். ஆன்டி-சீஸ் தடவினால் காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையுங்கள். கையேட்டிலேயே தடவிப் போடச் சொல்லி அளவு கொடுத்திருந்தால் அதை அப்படியே வையுங்கள்.

நெடுஞ்சாலை, நாமக்கல்

ஒல்லி நட் அடியில் என்பது எனக்குப் புதிது சார். இத்தனை வருடம் மேலேதான் போட்டோம். லாரியில் மடக்கு வாஷரும் உண்டு, காது இருக்கும், நட்டின் பக்கத்தில் தட்டி மடக்கிவிடுவோம். அது கழன்று நான் பார்த்ததில்லை.

கணக்குப்பலகை, திருச்சி

மடக்கு வாஷர் நல்லது, முழுக்க உலோகம் என்பதால் சூடு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதுவும், நட்டில் பள்ளம் வெட்டிப் போடும் ஸ்பிளிட் பின்னும் நட் சுழன்று விழாமல் காக்கும். போல்ட்டின் நீட்சியைக் காப்பாற்றாது. இரண்டும் வேறு வேறு.

பனிச்சாலை, டொரண்டோ

தூத்துக்குடிக்கு உப்புக் காற்று, எங்களுக்கு உப்பே ரோட்டில். குளிர்காலம் முழுக்க ஐஸ் உருகுவதற்கு உப்புக் கொட்டுவார்கள், அந்தத் தண்ணீர் சூடான குழாயில் தெறித்துக் காயும், மறுநாளும் அதேதான். நாலைந்து வருட வண்டியிலேயே நட் எது, துரு எது என்று தெரியாது. இங்கே கராஜில் வேலை செய்ததில் படித்ததைச் சொல்கிறேன்.

துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மரையின் இடுக்கில் அது வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரி. அதனால் இடுக்கில் தண்ணீர் போகாமல் பார்ப்பதும், இரண்டு பக்கமும் ஒரே இரும்பாக இல்லாமல் பார்ப்பதும் முக்கியம். ஸ்டட் எஃகு என்றால் நட் பித்தளை, இல்லையென்றால் செம்பு முலாம் பூசிய எஃகு லாக் நட். பழைய எம்ஜி, மோரிஸ் கார்களில் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்தான். இருபது வருடம் கழித்தும் ஸ்பேனர் வைத்தால் கழன்று வரும். ஜெர்மன் கார்களில் செம்பு முலாம் நட் வருகிறது, வாயைக் கொஞ்சம் முட்டை வடிவில் நசுக்கியிருப்பார்கள், அந்த இறுக்கம் சூட்டிலும் போகாது. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போட்டு எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. மருந்து தடவாமல் ஏர் கன்னால் ஏற்றினேன். பாதி வழியில் கிரீச் என்று நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. துரு ஒரு பொட்டும் இல்லை, புத்தம் புது உலோகம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்டித்தான் எடுத்தேன். ஸ்டெயின்லெஸ்தான் போட வேண்டிய இடம் என்றால் நிக்கல் ஆன்டி-சீஸ் தடவி, கையால் மெதுவாக ஏற்ற வேணும்.

காப்பர் வகை 1,000 டிகிரிப் பக்கம் வரை தாங்கும், நிக்கல் வகை இன்னும் மேலே. சாதாரண கிரீஸ் சூட்டில் எரிந்து கரியாகிவிடும், அதை மரையில் தடவி வேலையில்லை. புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு மட்டும் கவனம். புதுசு வாங்கினால் மரையில் ஏற்கெனவே தடவித்தான் வரும். நாம் தடவினால் நுனியில் படவே கூடாது, பட்டால் சென்சார் கெட்டுவிடும்.

உப்பளச்சாலை, தூத்துக்குடி

இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. முன்குழாய்ப் பக்கம் புரிந்துவிட்டது. மேனிஃபோல்டில் ஓர ஸ்டட் மட்டும் ஏன் ஒடிந்தது? நடுவில் இருப்பதெல்லாம் நன்றாக இருக்கிறது.

கணக்குப்பலகை, திருச்சி

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 400 மில்லிமீட்டர் நீளம், 500 டிகிரி ஏறுகிறது என்றால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அதைத் தாங்கும் அலுமினிய ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) உள்ளே கூலன்ட் ஓடுவதால் 100 டிகிரிப் பக்கமே நிற்கும், முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். மிச்ச வித்தியாசத்தை இரண்டு முனையும் பங்கிட்டுக்கொள்கின்றன. நடு ஸ்டட்டுக்கு ஒன்றும் தெரியாது, ஓர ஸ்டட் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒருதரம் வளைந்து நிமிர்கிறது. இதனால்தான் மேனிஃபோல்டின் ஓரத் துளைகளைப் பெரிதாக விட்டிருப்பார்கள், அங்கே தகடு வழுக்க வேண்டும். துரு அடைத்தாலோ, அளவுக்கு மேல் இறுக்கினாலோ வழுக்காது, ஸ்டட் ஒடியும்.

அந்த டிக் டிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது, அவ்வளவுதான். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கூடுதலாக ஊற்றும். அதைவிட முக்கியம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஏசி காற்றை வெளியிலிருந்து எடுக்கும்போது அது உள்ளே வரலாம். குழந்தைகள் உட்காரும் வண்டி என்றால் இந்த வாரமே முடியுங்கள்.

லேத்துமேடை, கோயம்புத்தூர்

பிடித்துக்கொண்ட போல்ட்டைக் கழற்றும் முறையைச் சொல்கிறேன். இதில் அவசரம்தான் எதிரி.

முதல் நாள் மாலையே கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயை விட்டுவிடுங்கள். காலையில் இன்னொரு தடவை. சூடாக இருக்கும் குழாயில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஆறுமுனை சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு முனை மழுக்கிவிடும். கழற்றுவதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள். அப்போது துரு உடையும், ஒரு கிரீச் வரும், கையில் தெரியும். பிறகு கால் சுற்று கழற்றி, திரும்ப உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் துருப்பொடி மரையில் மாட்டி ஸ்டட் முறிந்துவிடும்.

மசியவில்லை என்றால் சூடு. நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல. நட் விரிந்து பிடி விடும். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளும், எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஹெட் அலுமினியம் என்பதால் பர்னரை அங்கே காட்டாதீர்கள், அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே கூடாது. சில வகைகளில் குளோரின் இருக்கிறது, சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும்.

ஒடிந்த ஸ்டட் வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால் அதன்மேல் பெரிய நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்புவோம். அந்தச் சூட்டிலேயே ஸ்டட் இளகி நட்டோடு சுழன்று வரும். ஹெட்டோடு சமமாக ஒடிந்திருந்தால் அதை நீங்கள் துளைக்காதீர்கள் தம்பி. எஃகைவிட அலுமினியம் மெது, டிரில் நழுவி ஹெட்டுக்குள் போய்விடும். நடுப்புள்ளி சரியாக வைக்கத் தெரிந்த லேத்துக்காரரிடம் விடுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றியதும் முகத்தில் ஸ்கேலை நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் சமப்படுத்தாமல் மாட்டக் கூடாது, புது ஸ்டட்டும் ஒடியும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

மழைக்கால ஸ்கூட்டர், சென்னை

நடுவில் ஒரு கேள்வி. என் வண்டியில் சைலன்சரைப் பிடிக்கும் இரண்டு நட் துருவேறிக் கிடக்கிறது. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டி. இதே வைத்தியம்தானா?

லேத்துமேடை, கோயம்புத்தூர்

இதேதான், ஆனால் ஸ்டட் சின்னது, வலு பாதிகூட இருக்காது. இரண்டு நாள் எண்ணெயில் ஊறட்டும். கழன்றதும் மூடி வைத்த நட் போடுங்கள், மரை நுனி வெளியே தெரியாததால் தண்ணீர் உட்காராது.

பனிச்சாலை, டொரண்டோ

உப்பளச்சாலைக்கு இன்னொன்று. 6 கிலோமீட்டர் ஓட்டம் என்றீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. குழாய் முழுதாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும், கசியும் இணைப்பில் வந்து போல்ட்டை நனைக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் நல்லா ஓட்டுங்கள். கடற்கரை போய் வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், குழாய் ஆறியபிறகு.

உப்பளச்சாலை, தூத்துக்குடி

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். திரும்பி வந்து சொல்லாமல் போனால் அடுத்து தேடி வருபவருக்குப் பயன்படாது.

ரப்பர் எல்லாம் புதிது, முன் மவுண்ட் புதிது, வடை வளையமும் தோள் போல்ட்டும் ஸ்பிரிங்கும் புதிது. ஓர ஸ்டட்டை லேத்தில் வெல்டு வைத்து எடுத்தார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது தடவை வைத்த நட்டில் சிவப்பு வடிந்ததும் ஸ்பேனரைத் தொட்டார், வெண்ணெயில் திருப்புவதுபோல் வந்தது. மேனிஃபோல்டு முகம் நடுவில் 0.3 மில்லிமீட்டர் வளைந்திருந்தது, தேய்த்துச் சமமாக்கினோம். எல்லா ஸ்டட்டும் மாற்றி, செம்பு முலாம் நட், காப்பர் ஆன்டி-சீஸ், டார்க் கால் பங்கு குறைத்து. 500 கிலோமீட்டரில் ஆறிய எஞ்சினில் திரும்பப் பார்த்ததில் இரண்டு நட் மட்டும் கொஞ்சம் போயின, மற்றவை அசையவில்லை.

காலை டிக் டிக் இல்லை. நேற்று வேண்டுமென்றே வெப்பத் தகட்டின் போல்ட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். சாதாரண ரிங் ஸ்பேனர், ஒரு கை. மரையில் செம்பு நிறம் அப்படியே இருந்தது. துடைத்து, மறுபடி தடவி மாட்டிவிட்டேன்.